வளர்ச்சிக் காரணியும் நுரையீரல் புற்றுநோய் மாத்திரைகளும்

செல்கள் எப்போது பெருக வேண்டும் என்பதை வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் உணர்த்துகின்றன. அவற்றுள் மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹென், 1986-இல் நோபல் பரிசு பெற்றார். இக்காரணி செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியுடன் இணைந்ததும், உள்ளேயுள்ள புரதங்களில் பாஸ்பேட் சேர்ந்து செய்தி கடத்தப்படுகிறது. அதனால் புரதத்தின் நிறையில் உண்டாகும் சிறு மாற்றத்தை ஆய்வகங்களில் நிறை நிறமாலைமானி அளந்தறிகிறது.

சில நுரையீரல் புற்றுநோய்களில் இந்த ஏற்பியின் மரபணு மாறிவிடுவதால், காரணி இல்லாமலேயே செய்தி ஓயாது செல்கிறது. ஜெஃபிடினிப், ஆசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் அதைத் தடுக்கின்றன. திசு அல்லது இரத்தப் பரிசோதனையில் மரபணு மாற்றம் உறுதியான பின்னரே இவற்றைத் தொடங்க வேண்டும்.

தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவிக்கவும். புதிதாக மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.