தூரிகையும் வினைலும்: சிறு விமானங்களின் எழுத்துக்கு ஒரு வரலாறு

ஹெப்பகோடியில், பொம்மசந்திரா தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவொன்றில், ரேடியம் ஸ்டிக்கர் கடையின் வாசலில் சென்ற வாரம் சிறிது நேரம் நின்றிருந்தேன். பிளாட்டர் கருவி வினைல் தாளில் எழுத்துகளை அறுக்க, ஓர் இளைஞர் வேண்டாத பகுதிகளைக் கொக்கி ஊசியால் உரித்துக்கொண்டிருந்தார். வேலை இருசக்கர வண்டிக்கானது. அதே ஓசூர் சாலையில் தெற்கே சென்று, ஓசூரிலிருந்து தளி சாலையில் திரும்பினால் பெலகொண்டப்பள்ளி. தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் தனக்கென ஓர் ஓடுபாதையுடன் இத்தாலிய வடிவமைப்பிலான பி–68 என்னும் சிறு விமானத்தை உருவாக்கிய இடம் அது. வடக்கே சென்றால் எச்.ஏ.எல்., தேசிய வானூர்தி ஆய்வகம், அவற்றுக்கும் அப்பால் ஜக்கூர் விமானப் பயிற்சிப் பள்ளி. இந்த வட்டாரத்தின் வானூர்தி வரலாற்றில் வடிவமைப்பாளர்களுக்கும் விமானிகளுக்கும் இடம் உண்டு. விமானத்தின் மேல் எழுதியவர்களுக்கு இல்லை.

எழுத்து அலங்காரமன்று, அது விமானத்தின் சட்ட அடையாளம். 1920களில் இந்தியாவில் பதிவான விமானங்கள் 'ஜி' என்ற பிரித்தானிய எழுத்தையும் அதையடுத்து 'ஐ'யையும் தாங்கின. 1927ஆம் ஆண்டு வாஷிங்டனில் நடந்த பன்னாட்டு வானொலித் தந்தி மாநாட்டின் ஒதுக்கீட்டுக்குப் பின்னரே 'வி.டி.' வந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்த பஸ் மாத் விமானத்தின் குறி வி.டி.–ஏ.டி.என்.

'வி.டி.' என்பது 'வைசிராயின் ஆட்சிப்பகுதி' என்பதன் சுருக்கம் என்று பல்லாண்டுகளாகச் சொல்லப்படுகிறது. நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும்கூட இந்த விளக்கம் ஒலித்திருக்கிறது. நான் இதை ஏற்கவில்லை. அதே காலத்தில் ஆஸ்திரேலியா 'வி.எச்.' பெற்றது; இலங்கை விமானங்கள் 'வி.பி.–சி' என எழுதின. இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டதும் 'வி.டி.' மட்டுமன்று. 'வி.டி.ஏ.' முதல் 'வி.டபிள்யூ.இசட்.' வரையிலான முழுத் தொகுதியும் நம்முடையது. நம் அமெச்சூர் வானொலியாளர்கள் இன்றும் 'வி.யூ.' என்றுதான் தம்மை அறிவிக்கிறார்கள். 'வி.டி.' வைசிராயுடையதென்றால் 'வி.யூ.' யாருடையது? 'வி' பேரரசின் பங்கீட்டில் விழுந்த எழுத்து என்பதில் ஐயமில்லை. ஆயின் அதற்குப் பின்னால் ஒரு சொற்றொடரைத் தேடுவது, பின்னாளில் வந்த விளக்கத்தை மூல ஆவணமாகக் கொள்ளும் பிழையாகும்.

குறி எது என்பது பற்றி இவ்வளவு பேசியவர்கள், அது எதனால் எழுதப்பட்டது என்று கேட்கவில்லை. எச்.ஏ.எல். உருவாக்கி 1958இல் முதலில் பறந்த புஷ்பக் போன்ற துணி போர்த்திய விமானங்களில் எழுத்து என்பது வண்ணப்பூச்சே. கோடிட்டு, நாடா ஒட்டி, தூரிகையாலோ தெளிப்பானாலோ நிரப்ப வேண்டும். கடைப்பலகை எழுதுபவரின் கைத்திறன்தான் இங்கும் தேவைப்பட்டது. ஆனால் அவருக்கு இங்கே சுதந்திரம் இல்லை. சிகாகோ உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு (1949) அளவுகளை வகுத்தது. விமான உடலில் எழுத்தின் உயரம் குறைந்தது 30 சென்டிமீட்டர்; இறக்கையின் அடிப்பரப்பில் 50. அகலம் உயரத்தில் மூன்றில் இரண்டு. கோட்டின் தடிப்பு ஆறில் ஒன்று. இடைவெளி, அகலத்தில் காற்பங்குக்குக் குறையலாகாது. 30 சென்டிமீட்டர் உயர எழுத்துக்குக் கணக்கிட்டால் ஒவ்வொன்றும் 20 அகலம், 5 தடிப்பு, 5 இடைவெளி. ஐந்து எழுத்தும் ஒரு சிறுகோடும் சேர்ந்து 145 சென்டிமீட்டர். ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள விமானத்தில், சாளரத்துக்கும் வாலுக்கும் இடையே இந்த நீளத்துக்கு இடம் காண்பது எளிதன்று.

அதே இணைப்பில், குறி வண்ணத்தால் தீட்டப்பட வேண்டும், அல்லது அதற்கு நிகரான நிலைப்பைத் தரும் வேறு வழியில் பொருத்தப்பட வேண்டும் என்றும் கூறப்பட்டுள்ளது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கெர்பர் நிறுவனம் எழுத்து அறுக்கும் கணினிக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின், ஒட்டும் படலம் நுழைந்தது இந்த 'அல்லது' வழியாகத்தான். சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே இந்த மாற்றத்துக்குத் தேதியிட்ட ஆவணமும் இல்லை. தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

வினைல் எளிமையானதாகத் தோன்றும், விமானத்தில் அப்படியில்லை. உருளையால் அழுத்தித் தயாரிக்கும் மலிவான படலம் வெயிலில் சுருங்கி ஓரத்தில் விட்டுப்போகும். வார்ப்பு முறைப் படலம் ஏறத்தாழ 50 மைக்ரான் தடிப்பே உடையது, வளைவுகளில் படியும். சோப்பு நீர் தெளித்து இடம்பார்த்து நகர்த்தி, நீரை வழித்தெடுத்து, ஆணித் தலைகளின் மேல் சூடுகாட்டி மென்தூரிகையால் அழுத்துவார்கள். காற்று நேராக மோதும் விளிம்பில் படலத்தின் முனை நின்றால் அது உரியத் தொடங்கும். நிலையழுத்தத் துளைகளை மூடிவிட்டால் உயரமானியும் வேகமானியும் பிழையாகக் காட்டும். சமநிலை கணக்கிட்டு அமைத்த சுக்கான் போன்ற பரப்புகளில் கூடுதல் எடை அதிர்வுக்கு வழிவகுக்கலாம். பெங்களூரில் உருவான ஹன்சா போன்ற கலப்புப்பொருள் விமானங்களில் மற்றொரு கவலையும் உண்டு. அடர்நிறம் வெப்பத்தை ஈர்க்கும். பிசினோ வெப்பத்தில் வலுவிழக்கும். அத்தகைய விமானங்கள் பெரும்பாலும் வெண்மையாக இருப்பது அழகுக்காக அன்று.

என் அக்கறை ஆவணம் சார்ந்தது. வண்ணப்பூச்சு அடுக்கடுக்காகப் படிகிறது. கவனமாகச் சுரண்டினால் பழைய உரிமையாளரின் நிறமும் பழைய குறியும் வெளிப்படக்கூடும். படலத்தை உரித்தால் அது குப்பைக்கூடைக்குப் போகிறது. ஆனால் முற்றிலும் சுவடின்றிப் போவதில்லை. எழுத்து மூடியிருந்த இடத்தில் வெயில் படாததால், அங்குள்ள வண்ணம் சுற்றுப்புறத்தினும் வெளுக்காமல் நிற்கும். சாய்வொளியில் பழைய குறியைப் படிக்கலாம். அடுத்த மறுபூச்சு வரைதான் அந்தச் சுவடு நிலைக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஜக்கூரிலோ மீனம்பாக்கத்திலோ பயின்றவர்களின் குடும்பங்களில், விமானத்தருகே நின்று எடுத்த படங்கள் இருக்கும். அவற்றில் முகங்களுக்குப் பின்னால் தெரியும் எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள்: தூரிகையின் நடுக்கம் உண்டா, கத்தியின் நேர்மை உண்டா, மூலை தூக்கியிருக்கிறதா? ஆண்டு தெரிந்தால் அதையும் குறித்துப் படத்தை எனக்கு அனுப்பினால், எந்தக் களத்தில் எப்போது தூரிகை நின்றது என்பதற்குக் குறைந்தது ஒரு வரைபடத்தையாவது தயாரிக்க இயலும்.