வாந்திபேதியும் கலத்தின் வாயில்களும்

ஊவா மாகாணத்து ஹல்துமுல்லைச் சரிவுகளில் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் வளர்த்த தமிழ்த் தொழிலாளரின் வரலாறு, கால்நடையாகத் தொடங்கிய வரலாறாகும். ஹப்புத்தளைக்குப் புகைவண்டி வந்தது 1893 இலேயாம். அதற்கு முன்னர் மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளை வழியாக மலைநாடு நோக்கி நடந்தோருள் எண்ணற்றோரை வாந்திபேதி பலிகொண்டது. சில மணி நேரத்தில் உடலின் நீரை வற்றச்செய்யும் அந்நோய் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

குடலை உட்புறமாகப் போர்த்தியுள்ள மேலணிக்கலங்களின் மேற்பரப்பில் வாயில்களாக அமைவன, வெல்லத்தொடர் இணைந்த புரதங்கள். இவை கிளைக்கோப்புரதங்கள் எனப்படும். கலத்தினுள்ளே அகமுதலுருச் சிறுவலையில் இவை உருவாகும்போதே வெல்லத்தொடர் சேர்க்கப்படும். செவ்வனே மடிந்தவை கொல்கி உடலை அடைந்து, அங்கு அத்தொடர் திருத்தப்பெற, முதிர்ச்சியுற்று மேற்பரப்பை அடையும். அங்கும் அவை நிலையாக இரா. சிறு பைகளில் உள்வாங்கப்பட்டு, சில மீண்டும் மேற்பரப்பிற்கு அனுப்பப்படும், சில சிதைக்கப்படும். குளோரைட்டை வெளிவிடும் சி.எப்.ரி.ஆர். என்னும் வாயில் இவ்வாறானதே. அதன் பரம்பரையலகு 1989 இல் இனங்காணப்பட்டது.

வாந்திபேதிக் கிருமி சுரக்கும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்பதை 1959 இற் கல்கத்தாவின் சம்புநாத் டே நிறுவினார். அந்நஞ்சு மேற்பரப்பிலுள்ள வெல்லங்கொண்ட கொழுப்பொன்றைப் பற்றி உட்புகும். பின்னர், புரதங்கள் வெளிவரும் பாதையிலேயே எதிர்த்திசையிற் சென்று, சிறுவலையை அடைந்து, அங்கிருந்து கலத்தின் உட்பாயத்தினுட் கசியும். அதன் விளைவாகக் குளோரைட்டு வாயில் திறந்தே கிடக்க, உப்பும் நீரும் இடையறாது வெளியேறும்.

எனினும் சோடியத்தையும் குளுக்கோசையும் ஒருங்கே உள்ளெடுக்கும் மற்றொரு கிளைக்கோப்புரதம் நோயிலும் செயலிழப்பதில்லை. அவ்வகை இணைப்போக்குவரத்தை 1960 இல் றொபேட் கிறேன் எடுத்துரைத்தார். 1971 இற் பொங்காவோன் அகதிமுகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்தபோது, 30 சதவீதமாயிருந்த இறப்பு 3.6 சதவீதமாயிற்று.

இம்மருந்து அன்றே இருந்திருப்பின் வழியில் வீழ்ந்தோர் பலர் பிழைத்திருப்பர். ஆயினும் அவ்விறப்புகளுக்கு அறியாமை ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. நீரினூடாக நோய் பரவுதலை 1854 இல் ஜோன் சினோ காட்டினார். 1884 இல் றொபேட் கொக் கல்கத்தாவிற் கிருமியைத் தனிப்படுத்தினார். கலத்தின் வாயில்களை அக்காலத்தார் அறியாதிருந்தது உண்மையே. தூய நீரின் தேவையையோ, அந்நூற்றாண்டு முடியுமுன்பே அவர்கள் அறிந்திருந்தனர்.