விருந்துக்குப் பின் ஆறு நாள்

பிழைப்பின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வெளிப்போந்த குடும்பங்கள் தம்முடன் கொண்டு வந்த செல்வங்களுள் தலையாயவை இரண்டு. ஒன்று மொழி, மற்றொன்று அடுப்பங்கரை. மொழியைக் காக்கச் சங்கம் கண்டோம். அடுப்பங்கரையை நம் இல்லத்துப் பெண்டிர் காத்து வந்துள்ளனர். சுவர்ணரேகை ஆற்றங்கரையிலுள்ள இந்த ஜாம்ஷெட்பூர் நகரில், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் மைசூர்பாகும் மணக்காத தமிழ்க் குவார்ட்டர்ஸ் இல்லையென்றே சொல்லலாம். ஆயினும், பண்டிகையைக் கொண்டு வந்த நாம், பண்டிகைக்குப் பின் உடலைப் பழைய நிலைக்குத் திருப்பும் முறையை ஊரிலேயே விட்டு வந்தோமோ என்னும் ஐயம் எழுகிறது. அம்முறையின் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உணவின் அளவைப் பற்றித் தமிழர் இன்று நேற்றுச் சிந்திக்கத் தொடங்கியவரல்லர். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்போர், அங்கே மூலிகைகளின் பட்டியலை எதிர்பார்த்தால் ஏமாற்றமே அடைவர். அதிலுள்ள பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியே பேசுகின்றன. முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின், அளவோடு உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்பது வள்ளுவர் கருத்து. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்னும் மூன்று அறநூல்கள் மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டுள்ளன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் சேர்ந்ததே திரிகடுகம். அறம் உரைக்க வந்த புலவர் தம் நூலுக்கு அஞ்சறைப்பெட்டிச் சரக்கின் பெயரைச் சூட்டினாரெனில், அச்சரக்கு அன்றைய மக்களுக்கு எவ்வளவு பழக்கமானது என்பதை உய்த்துணரலாம்.

அந்தத் திரிகடுகமே தீபாவளி லேகியத்தின் உயிர்நாடி. சுக்கு, மிளகு, திப்பிலியுடன் ஓமம், சீரகம், தனியா ஆகியவற்றை வறுத்துப் பொடித்து, வெல்லப்பாகில் இட்டு, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறுவது வழக்கம். சித்தரத்தை, கண்டந்திப்பிலி சேர்க்கும் வீடுகளும் உண்டு. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவுடன், சிறு நெல்லிக்காய் அளவு லேகியத்தைப் பாட்டி உள்ளங்கையில் வைப்பாள். அதை உண்ட பிறகே பட்சணத் தட்டு நம்மிடம் வரும். மருந்து முந்தி, விருந்து பிந்தி என்னும் இவ்வரிசையைக் குழந்தைப் பருவத்தில் நாம் தண்டனையாகவே கருதினோம். அதன் பொருள் இப்போதுதான் விளங்குகிறது.

இதனினும் வியப்புக்குரியது நம் பஞ்சாங்கத்தின் அமைப்பு. தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசைக்கு மறுநாளே கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிடுகிறது. பிரதமை முதல் சஷ்டி வரை ஆறு நாள், முருகனை வழிபடுவோர் ஒருவேளை உணவோ, பாலும் பழமுமோ கொண்டு நோன்பிருப்பர். ஆறாம் நாள் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் நிகழும். இவ்விரதம் பக்தியின்பாற்பட்டது, வயிற்றின் பொருட்டு ஏற்பட்டதென்று நாம் கூற வரவில்லை. எனினும் பட்சணம் தின்று களைத்த உடலுக்கு ஆறு நாள் ஓய்வு தானே வாய்த்துவிடுகிறது என்பதை மறுக்கவொண்ணாது. ஏகாதசி நோன்பை முடிக்கும் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இடம்பெறுவதும் கருதத்தக்கது. பட்டினி கிடந்த வயிற்றுக்கு அடுத்த விருந்தை இடாமல் கீரையையும் காயையும் இட்டனர் நம் முன்னோர். விரதம் இருக்காத வீடுகளிலும் பண்டிகைக்கு மறுநாள் மிளகு ரசமும், சுட்ட அப்பளமும், வேப்பம்பூவோ மணத்தக்காளி வற்றலோ சேர்ந்த எளிய சமையலும் நடந்ததை முதியோர் அறிவர்.

நிற்க. நம் அண்டை வீட்டார் வழக்கத்தையும் சற்று நோக்குவோம். பீகார் அன்பர்களின் சட் பூஜை அதே வளர்பிறைச் சஷ்டியில் நடைபெறுவது. அவர்கள் அம்மாதத்தைக் கார்த்திகை என்பர், நாம் ஐப்பசி என்போம், திதி ஒன்றே. சதுர்த்தியன்று நீராடி, சுரைக்காயும் கடலைப்பருப்பும் சோறும் மட்டும் உண்டு நோன்பைத் தொடங்குவர். திருச்செந்தூர்க் கடற்கரையில் மக்கள் திரளும் அதே மாலையில், சுவர்ணரேகைக் கரையில் மறையும் கதிரவனுக்கு அர்க்கியம் விடுவர். வங்காளிகளோ காளி பூஜைக்கு முன்னாள் பதினான்கு வகைக் கீரைகளைச் சமைத்து உண்பர். பாகற்காய் சேர்ந்த கசப்பான ‘சுக்தோ’வைப் பகலுணவின் தொடக்கத்திலேயே பரிமாறுவர். இவர்கள் தரும் லட்டுவையும் சந்தேஷையும் ரசகுல்லாவையும் இரு கையேந்தி வாங்கிக்கொள்ளும் நாம், இவர்களது சுரைக்காயையும் கீரையையும் பாகற்காயையும் இதுகாறும் கேட்டு வாங்கியதில்லை!

இனி, ‘பண்டிகை முடிந்தது, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புவோம்’ என்கிறோமே, அந்த வழக்கமான சாப்பாடு எத்தகையது? இவ்வினாவுக்கு விடை காண உதவிய ஆராய்ச்சி தமிழ் மண்ணிலேயே, குன்னூரில் நடந்தது. 1918ஆம் ஆண்டு அங்கே பெரிபெரி நோயை ஆராயும் சிறு கூடம் ஒன்றை இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கினார். பின்னர் அவர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளைத் தனித்தனியே எலிக் கூட்டங்களுக்கு இட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. ஆலையில் தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண ஏழை மக்களின் உணவை உண்டவையோ வளர்ச்சியில் கடைசியாக நின்றன. தீட்டத் தீட்ட அரிசியின் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. புழுக்கிய அரிசியில் ஓரளவு தங்குகிறது. அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 2024இல் அது வெளியிட்ட வழிகாட்டுதல், நாள் உணவுத் தட்டில் ஏறக்குறையப் பாதியைக் காய்கறி, கீரை, பழம், கிழங்கு வகைகள் நிரப்ப வேண்டும் என்கிறது. நம் தட்டிலோ சோற்று மலையின் அடிவாரத்தில் ஒரு கரண்டிப் பொரியல் ஒதுங்கிக் கிடக்கிறது.

முற்காலத்தில் ஏழைக் குடியானவன் வீட்டில் ஆண்டு முழுதும் கூழும் களியுமே உணவாக இருந்தன. இட்டலியே தீபாவளிப் பண்டமாக இருந்த ஊர்கள் பல. ஒரு நாள் விருந்தை அந்த உடல் எளிதில் தாங்கியது. இன்று இனிப்புக் கடை ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. உடலுழைப்பும் அந்நாள் போல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டெனக் கணித்தது. இந்நோய்க்கு மாத்திரை உண்போர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம் காலனியிலும் அரிதாகி வருவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

ஆகவே செய்யத்தக்கது யாது? பண்டிகைக்கு மறுநாள் கடும் பட்டினி கிடந்து பழி தீர்த்துக்கொள்வது முறையன்று. நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் பட்டினி இருத்தல் ஆபத்தாகவும் முடியும். லேகியத்திலும் வெல்லமும் நெய்யும் உண்டு. அதை உண்டுவிட்டோம் என்னும் துணிவில் இன்னும் நான்கு லட்டு தின்பது பேதைமை. எஞ்சிய பட்சணத்தை டப்பாவில் அடைத்துப் பத்து நாள் கொறிக்காமல், பலரோடு பகிர்ந்து முதலிரு நாளிலேயே முடித்துவிடலாம். பிறகு வரும் ஆறு நாளும், விரதம் இருப்பினும் இல்லாவிடினும், ஒரு கீரை, ஒரு காய், மிளகு ரசம், குறைந்த சோறு, மாலையில் ஆற்றங்கரை வரை நடை என்று வகுத்துக்கொண்டால் போதும். ஏழாம் நாள் அவ்வழக்கத்தை விட மனம் வராவிட்டால் இன்னும் நன்று.

நம் பிள்ளைகளுக்கு முறுக்குப் பிழியக் கற்றுத் தருகிறோம். லேகியம் கிளறவும் அவர்களுக்குக் கற்றுத் தருவோமாக. வருகிற தீபாவளிக்கு அண்டை வீட்டாருக்கு அனுப்பும் பட்சணப் பெட்டியில் சிறு கிண்ணம் லேகியமும் வைத்தனுப்புவோமாக. அதன் காரத்தைக் கண்டு அவர்கள் முகம் சுளித்து, இது என்னவென்று வினவுவர். அதற்கு விடை சொல்லும் அளவுக்கேனும் நம் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!