ஆள் மாறிப் போன பரிசு

அது 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 17. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள நார்த் பிளாட் ஒரு சிறிய ஊர். அப்போது மக்கள்தொகை சுமார் 12,000 தான். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டுப் பத்தே நாட்கள் ஆகியிருந்தன. நெப்ராஸ்கா படையின் 'டி' கம்பெனி அந்த வழியாக ரயிலில் போகிறது என்று ஊருக்குள் பேச்சு. நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஆயிற்றே! கிறிஸ்துமஸ் பரிசுகளும் தின்பண்டங்களுமாக நூற்றுக்கணக்கானோர் ரயில் நிலையத்தில் காத்திருந்தனர்.

ரயில் வந்தது. வந்ததும் 'டி' கம்பெனிதான். ஆனால் நெப்ராஸ்கா அல்ல, கான்சாஸ்!

கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப் போவதா? மக்களுக்கு மனம் வரவில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு வைத்திருந்ததை அந்த முகம் தெரியாத பிள்ளைகளுக்கே கொடுத்தார்கள்.

கூட்டத்தில் ரே வில்சன் என்ற 26 வயதுப் பெண்ணும் இருந்தார். மருந்துக் கடை ஊழியர். அவருடைய சகோதரர் நெப்ராஸ்கா கம்பெனியில் இருந்தார். சகோதரரைப் பார்க்க முடியாத ஏமாற்றத்தோடு வீடு திரும்பியவர், இனி வரும் எல்லா ராணுவ ரயில்களையும் இப்படியே வரவேற்றால் என்ன என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்துமஸ் அன்றே நிலையத்தில் உணவகம் தொடங்கிவிட்டது.

ரயில் நிற்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதற்குள் சூடான காபி, சாண்ட்விச், பிறந்தநாள் என்று சொன்னவருக்கு ஒரு முழு கேக். காசு கிடையாது. சர்க்கரைக்கே ரேஷன் இருந்த காலம் அது. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் சுமார் 125 ஊர்க்காரர்கள் முறை வைத்துச் சமைத்துக் கொண்டு வந்தார்கள். ஒரு சிறுவன் கால்நடை ஏலத்தில் தான் போட்டிருந்த சட்டையையே ஏலம் விட்டுப் பணம் சேர்த்தான்!

1946 ஏப்ரல் 1-ல் உணவகம் மூடப்படும் வரை 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே பசியாறினார்கள். அவர்களில் பலர் போர்முனையிலிருந்து திரும்பவே இல்லை. திரும்பியவர்களோ முதுமையிலும் அந்தப் பத்து நிமிடங்களைச் சொல்லிக் கண்கலங்கினார்கள்.

அந்த நிலையக் கட்டடம் 1973-ல் இடிக்கப்பட்டது. ஆனால் அந்த ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. நம்மவர்களுக்கென்று எடுத்து வைத்ததை யாரோ ஒருவருக்குக் கொடுத்தபோது, அந்த யாரோவும் நம்மவர் ஆகிவிட்டார்... அவ்வளவுதான்!