தவலையின் கழுத்தில் ஒரு பெயர்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தவலை இருக்கிறது. அதன் கழுத்தில், புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் என் ஆயாவின் பெயர். பெயருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் முதலெழுத்து. கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தது அது. பல வருடம் கழித்து வாங்கிய எவர்சில்வர் அண்டாவிலும் அதே பெயர் உண்டு. முதலெழுத்து மட்டும் தாத்தாவினுடையதாக மாறிவிட்டது.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விசேஷ வீடுகளுக்கு இரவல் போன பாத்திரங்கள் கலந்து கிடக்கும்போது, கட்டைவிரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிப் பார்த்துத் தன்னுடையதை எடுத்துக்கொள்வார். பட்டாவில் தாத்தா பெயர். குடும்ப அட்டையில் தாத்தா பெயர். ஆயாவின் பெயர் எழுத்தாக இருந்த இடம் பாத்திரங்கள்தான்.

இது தற்செயல் அல்ல. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது 1989இல். அதுவும் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விலக்கிவிட்டது. நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது 2005இல். ஆயாவின் தலைமுறைக்குச் சீர்ப்பாத்திரமும் கொஞ்சம் நகையும்தான் பங்கு. நகை அடகுக்குப் போகும், உருக்கப்படும். பாத்திரத்தில் பெயர் நிற்கும்.

பெயரைக் கல்லில் வெட்டி வைப்பது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. தருமபுரி நடுகற்களுக்குப் பேர்போன மண். தருமபுரி நகரில் உள்ள அகழ்வைப்பகத்தில் அவற்றைப் பார்க்கலாம். பல்லவர் காலத்து வட்டெழுத்தில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் ஆநிரையை மீட்கும்போது இறந்தான் என்று பொறித்திருப்பார்கள். ஒரு சாதாரண வீரனின் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றிருக்கிறது. பெண்கள்? சில கற்களில் வீரனை வானுலகுக்கு அழைத்துச் செல்லும் தேவமகளிராக வருகிறார்கள். வேறு சிலவற்றில் கணவனோடு உயிர்விட்டவளாக, கை உயர்த்தி நிற்கிறார்கள். அந்த மாடுகளை வளர்த்தவள், பால் கறந்தவள், அவன் செத்த பிறகு பிள்ளைகளைக் காப்பாற்றியவள் யாருக்கும் கல் இல்லை. சாகாமல் வாழ்ந்த பெண்ணுக்கு நடுகல் கிடையாது. அவளுக்குக் கிடைத்த வெட்டெழுத்து, தவலையின் கழுத்தில் இருப்பதுதான்.

போட்டோவுக்கு வருவோம். ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுக்கக் காசு வேண்டும். எடுத்த படங்களிலும் பெண் வரும் தருணங்களை எண்ணிவிடலாம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட ஒன்று, கல்யாணக் கோலத்தில் ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று. கூலி வேலைக்குப் போன குடும்பங்களில் அதுவும் இல்லை. வாக்காளர் அடையாள அட்டை 1993இல் அறிமுகமான பிறகு, அதற்காக எடுத்ததே பல கிராமத்துப் பெண்களின் முதல் படம். இன்று சுவரில் மாலையோடு தொங்கும் பல பாட்டிகளின் முகம், அந்தச் சின்னப் படத்தைப் பெரிதாக்கியதுதான். முகத்தில் ஓர் அதட்டலுக்குக் கட்டுப்பட்ட விறைப்பு தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. ஐந்து பெண்கள். பின்புறம் ஸ்டூடியோவின் முத்திரை மட்டும். ஒருவர் ஆயா, இன்னொருவர் அவருடைய தங்கை. மற்ற மூவரை அம்மாவுக்கு மட்டும் தெரியும். அம்மாவுக்கு வயது எழுபத்தைந்து. தமிழகத்து ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்மப் பிரதி எடுக்கும் வேலையைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறது. பெரிய காரியம். ஆனால் எந்தக் காப்பகமும் படத்தைத்தான் காக்கும். படத்தில் இருப்பவள் யார் என்று வீட்டில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

பரணும் பெட்டியும் எல்லோருக்கும் நிலைப்பதும் இல்லை. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலையாளிப் பழங்குடி மக்களின் ஊருக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, பண்டபாத்திரங்கள் உடைக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் சிறைக்குப் போனார்கள். 2012 நவம்பர் 7 அன்று நாய்க்கன்கொட்டாய் அருகே தலித் குடியிருப்புகளுக்குத் தீ வைத்தபோதும் நடந்தது இதுதான். வீட்டை அழிப்பவர்கள் அந்த வீட்டின் ஆவணங்களையும் சேர்த்தே அழிக்கிறார்கள். இங்கே ஒரு பெண் வாழ்ந்தாள், இவை அவளுடையவை என்பதற்கான சாட்சியம் அது.

வாச்சாத்திப் பெண்களிடம் மிஞ்சியது நினைவு. அதை நீதிமன்றத்தில் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 31 ஆண்டுகள். அவ்வளவு காலமும் ஒரு ஊரின் வரலாற்றைப் பெண்கள் தலைக்குள் தூக்கிச் சுமந்தார்கள்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. அந்த 18 பேரின் பெயரை அவர்களுடைய அனுமதியின்றிச் சட்டப்படி யாரும் வெளியிட முடியாது, வெளியிடவும் கூடாது. பெயரை எழுதிவைப்பது மட்டுமே மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். எழுதுவதா, வேண்டாமா என்று அவளைக் கேட்பதுதான் மரியாதை. வீட்டுப் பெண்களிடமும் அப்படித்தான். ஆயாவின் முதல் கல்யாணம், இறந்த குழந்தை, பிரிந்துபோன தங்கை என்று எவ்வளவோ இருக்கும். எதைப் பேத்திக்கு மட்டும் சொல்கிறார், எதை எல்லோருக்கும் சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. படத்தின் பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள். மை முன்பக்கம் ஊறும். மெல்லிய பென்சில் போதும். பெயர், உறவு, ஊர், சொன்னவர் யார், சொன்ன தேதி. "இன்னாரின் மனைவி" என்று எழுதி நிறுத்தாதீர்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடே செல்போனில் படமெடுங்கள். பசைத்தாள் ஆல்பத்திலிருந்து எளிதாக வருகிற படங்களை எடுத்துக் காகித உறைகளில் போடுங்கள். அந்தப் பசை படத்தை மஞ்சளாக்கும்.

பாத்திரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. கல்வெட்டாளர்கள் கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி, மை தடவிப் படி எடுப்பார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். பெயரின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் புள்ளிகள் எழுந்து வரும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்குவதற்கு முன், பழைய பித்தளை என்று எடைக்குப் போவதற்கு முன் செய்துவிட வேண்டும். ஆயாவுடைய அம்மாவின் குடங்கள் அப்படித்தான் எடைக்குப் போய், எவர்சில்வராகத் திரும்பி வந்தன. அவர் பெயர் இன்று எங்கள் யாருக்கும் தெரியாது.

போன பொங்கலுக்கு அம்மாவோடு உட்கார்ந்து அந்த ஐந்து பெண்களின் பெயரையும் எழுதினேன். நான்காவது பெண்ணிடம் அம்மா வெகுநேரம் நின்றுவிட்டார். பிறகு பெயரைச் சொன்னார். "நல்லாப் பாடுவா. அதையும் எழுது" என்றார். எழுதினேன்.