பழைய பிக்-அப்பின் அசல் உருவம் எது?

வீட்டு முற்றத்தில் ஒரு பழைய ஜீப் பிக்-அப்பைப் பிரித்துப் போட்டுச் சீரமைக்க உட்காருகிறவர், துருவைச் சுரண்டுவதற்கு முன் ஒரு வினாவுக்கு விடை கண்டாக வேண்டும். வண்டியை அதன் எந்த வயதுக்குத் திருப்புவது? மதுரைச் சீமையில் உழைத்த வண்டிகளுக்கு இவ்வினா சற்றுக் கடினமானது.

திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-ல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும் அவரது நிறுவனம் கரிவாயுக் கலனைத் தயாரித்தது. மரக்கரியைப் போதிய காற்றில்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிளம்பும். அதைக் குளிர்வித்து, சாம்பலை வடிகட்டி, இயந்திரத்துக்குள் செலுத்தினால் பெட்ரோல் வண்டியே ஓடும். இழுவிசை குறையும், மேட்டில் திணறும், ஆயினும் ஓடும். தொழிற்சாலை தந்த உருவத்தை ஊரின் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் வழக்கம் இங்கே இவ்வளவு பழையது.

அதே போர்தான் ஜீப்பையும் ஈன்றது. அமெரிக்க இராணுவத்துக்காக 1940-ல் பாண்டம் நிறுவனம் முதல் மாதிரியைச் செய்ய, வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கு மேல் உற்பத்தி செய்தன. 1945-ல் தொடங்கிய மகிந்திரா அண்டு முகமது நிறுவனம் இந்தியாவில் ஜீப்பைப் பூட்டி விற்க முன்வந்தது. பிரிவினையின்போது பங்காளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குச் சென்று அதன் முதல் நிதியமைச்சரானார். 1948-ல் இங்கே பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என்றாயிற்று. (ஒரு நாட்டின் பாகப்பிரிவினை ஒரு பெயர்ப்பலகையில் தெரிவது எனக்கு எப்போதும் வியப்பு.) பின்னர் வந்த சிஜே-3பி-யின் முகப்பு மூடி தூக்கலாக இருப்பது அழகுக்காக அன்று; உள்ளிருக்கும் புதிய ஹரிக்கேன் இயந்திரம் உயரமானது, அவ்வளவே. மூக்கில்லாத எஃப்சி-150 சுமை வண்டியும் இதே குடும்பம்தான்.

முன்பு மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த போடி, கம்பம் பகுதிகளில் இவ்வண்டிகளுக்கு இன்னொரு வாழ்வு அமைந்தது. விடியுமுன் ஏலத்தோட்டக் கூலியாட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுக்கும் கம்பமெட்டுக்கும் மலையேறின. பின்புறத்தை வெட்டி நீட்டினார்கள். நெடுக்குப் பலகை போட்டார்கள். மேலே சாமான் தட்டு பற்றவைத்தார்கள். 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் கட்டுபடியாகாமல் போக, ஹரிக்கேனைக் கழற்றிவிட்டு டீசல் இயந்திரத்தை உட்கார வைத்தார்கள். பட்டறைக்காரரின் லேத்தும் வெல்டிங்கும் இல்லாவிட்டால் இவற்றுள் பல அன்றே காயலான் கடைக்குப் போயிருக்கும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிகள், ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு தருகின்றன. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் வண்டி அசல் உருவில் இருக்கவேண்டும். சட்டகமோ கூடோ இயந்திரமோ பெரிதாக மாறியிருக்கலாகாது. வணிகப் பயன்பாடும் கூடாது.

பாதுகாப்பு கருதிய தடையில் எனக்கு மறுப்பில்லை. பத்துப் பேர் ஏறவேண்டிய வண்டியில் இருபது பேரை ஏற்றியதைப் போற்றவும் வேண்டியதில்லை. ஆனால் மரபுச் சின்னம் என்ற தகுதி இவ்விதியால் யாருக்குப் போகிறது? செல்வர் வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்தி நின்ற காருக்கு. மலையேறிய பிக்-அப்புக்கு அன்று. அது உழைத்ததே அதன் தகுதிக்குறைவு. பதிவுக்காக அதை ‘அசல்’ ஆக்க முனைவோர், எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் இயந்திரம் தேடிப் பொருத்தி, வெட்டி நீட்டிய பகுதியை அறுத்தெறிகிறார்கள். கிடைப்பது பளபளப்பான வண்டி. கம்பத்தில் அது ஓடியதற்கான ஒரே சான்று பழைய இரும்பாகிறது.

அறுக்கத்தான் வேண்டுமென்றால், அறுக்குமுன் ஒவ்வொரு பற்றவைப்பையும் படமெடுத்து வையுங்கள். வண்ணத்தைச் சுரண்டும்போது அடுக்குகளை எண்ணுங்கள். அடியில் இராணுவப் பச்சை தென்பட்டால் அவ்விடத்தில் உள்ளங்கையளவு சுரண்டாமல் விட்டுவிடுங்கள். கழற்றிய டீசல் இயந்திரத்தை, இடமிருந்தால், மூலையில் வைத்திருங்கள்.