640 கிலோபைட் என்னும் மதில்

கணினி வரலாறு பற்றி எழுதுவோர் அடிக்கடி எடுத்தாளும் ஒரு கூற்று உண்டு. 640 கிலோபைட் நினைவகம் எவருக்கும் போதுமானது என்று 1981 இல் பில் கேட்ஸ் சொன்னாராம். அக்கூற்றைத் தாங்கி அக்காலத்தில் அச்சான பக்கம் எதனையும் எவரும் காட்டியதில்லை. கேட்ஸும் அதனைப் பலமுறை மறுத்திருக்கிறார். செய்தி ஆசிரியர் எவரிடமாவது இப்படியொரு மேற்கோளைக் கொண்டுபோயிருந்தால், யார் கேட்டது, எங்கே கேட்டது என்ற இரண்டு கேள்விகளோடு அது குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். ஆயினும் அது வாழ்கிறது. பத்தாண்டுகளுக்கு மேல் கோடிக்கணக்கானோரை அலைக்கழித்த ஒரு தடைக்கு ஒரே மனிதரின் குறுகிய பார்வையைக் காரணமாகச் சொல்வது எளிதாயிருப்பதே அதற்குக் காரணமாகலாம்.

அந்த எல்லையை வகுத்தது ஐ.பி.எம். நிறுவனத்தின் வன்பொருள் அமைப்பு. 1981 ஒகஸ்ட் 12 ஆம் திகதி அறிமுகமான ஐ.பி.எம். பி.சி. கணினியில் இருந்தது இன்டெல் 8088 என்னும் செயலி. இருபது முகவரிக் கம்பிகளைக் கொண்ட அச்செயலியால் 10,48,576 பைட்டுகளை, அதாவது ஒரு மெகாபைட்டை மட்டுமே இனங்காண முடியும். ஐ.பி.எம். பொறியியலாளர்கள் அந்த ஒரு மெகாபைட்டை 64 கிலோபைட் கொண்ட பதினாறு துண்டுகளாகக் கண்டனர். பத்துத் துண்டுகள் நிரல்களுக்கு. மேலேயுள்ள ஆறு துண்டுகள் திரைக்கும் நிலையான நினைவகத்துக்கும் இணைப்பு அட்டைகளுக்கும். பத்து அறுபத்துநான்குகள் சேர்ந்ததே 640.

இதைப் பிழையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு முந்திய சி.பி.எம். வகைக் கணினிகளில் மொத்தமே 64 கிலோபைட் தான். புதிய கணினி அதன் பத்து மடங்கைத் தந்தது. மிக மலிவான பி.சி. விற்பனைக்கு வந்தபோது அதில் இருந்த நினைவகமோ வெறும் 16 கிலோபைட்! எவரும் எட்டாத தொலைவிலேயே மதில் எழுப்பப்பட்டிருந்தது.

அந்தத் தொலைவை மிக விரைவாகக் கடக்கச் செய்தது ஒரு மென்பொருள். 1983 ஜனவரியில் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட 1-2-3 என்னும் விரிதாள், தன் தாள் முழுவதையும் நினைவகத்திலேயே வைத்திருந்தது. கணக்காளர்கள் வரிசைக்குமேல் வரிசை சேர்க்கச் சேர்க்க நினைவகம் நிரம்பிற்று. வேகத்துக்காக அந்நிரல் இயங்குதளத்தைக் கேளாமல் திரை நினைவகத்தில் நேரடியாக எழுதியது. வேறு பல நிரல்களும் அவ்வழியே சென்றன. இனித் திரையின் முகவரியை மேலே நகர்த்தினால் சந்தையின் முதன்மையான நிரல்கள் யாவும் முடங்கும். மதில் இறுகியது இங்கேதான். எல்லையை முதலில் முட்டிய நிறுவனமே அதை அசைக்க முடியாததாக்கியவர்களிலும் ஒன்றாயிருந்தது.

1985 இல் லோட்டஸும் இன்டெலும் ஓர் உபாயம் கண்டன. மைக்ரோசொப்ட்டும் அதே ஆண்டில் இணைந்துகொண்டது. மூன்று நிறுவனங்களின் முதலெழுத்துகளால் 'லிம்' என்றழைக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில், தனி அட்டையொன்றில் எட்டு மெகாபைட் வரை நினைவகத்தைப் பொருத்தலாம். செயலிக்கு அது நேரே தெரியாது. 640க்கு மேலே ஒதுக்கப்பட்டிருந்த பகுதியில் 64 கிலோபைட் அளவான ஒரு சாளரம் திறக்கப்பட்டு, அதனூடாக ஒரே நேரத்தில் 16 கிலோபைட் கொண்ட நான்கு பக்கங்கள் மட்டும் காட்டப்பட்டன. நான்கு தாள்களுக்கு மட்டுமே இடமுள்ள மேசையும், பின்னால் ஓர் அலுமாரி நிறையத் தாள்களும் கொண்ட ஒரு காரியாலயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டியதை எடுத்து மேசையில் வைத்து, வேண்டாததை உள்ளே தள்ளவேண்டும். விரிதாள் போன்ற தரவுகளுக்கு இது பொருந்திற்று. நிரலையே அங்கு வைத்து இயக்குவது கடினமாயிருந்தது.

இதற்கு எக்ஸ்பாண்டட் நினைவகம் என்று பெயர். இதனோடு எக்ஸ்டெண்டட் நினைவகம் என்ற வேறொன்றும் இருந்தது. பெயரிட்டவர்கள் வாங்குவோர்மீது இரக்கம் காட்டவில்லை. 1984 இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியின் 80286 செயலி 16 மெகாபைட் வரை காணவல்லது. ஆனால் ஒரு மெகாபைட்டுக்கு மேலே செல்ல அது 'பாதுகாப்பு நிலை' என்ற புதிய நிலைக்கு மாறவேண்டும். டொஸ் நிரல்களோ பழைய நிலையில் மட்டுமே ஓடுபவை. புதிய நிலைக்குப் போன 80286 பழைய நிலைக்குத் திரும்புவதற்கு வழி வைக்கப்படவில்லை. செயலியை மீளத் தொடக்கினாலன்றித் திரும்பாது. ஏ.டி. கணினியில் அந்த வேலை விசைப்பலகையைக் கவனிக்கும் சிறு சிப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே, கூடுதல் நினைவகத்துக்குப் பணம் செலுத்தியவர்கள் பெரும்பாலும் அதைப் போலி வட்டாக மாற்றிக் கோப்புகளை வைத்தனர். மின்சாரம் நின்றால் எல்லாம் போயிற்று. மின்வெட்டுக்குப் பழகிய நம் நாட்டவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நேர்வழியில் மதிலைத் தகர்க்க ஐ.பி.எம்.மும் மைக்ரோசொப்ட்டும் சேர்ந்து 1987 இல் ஓ.எஸ்./2 இயங்குதளத்தைக் கொண்டுவந்தன. அதற்கு மெகாபைட் கணக்கில் நினைவகம் தேவைப்பட்டது. டொஸ் நிரல் ஒன்றை மட்டுமே ஒரே வேளையில் இயக்கும். அடுத்த ஆண்டிலேயே நினைவகச் சிப்புகளுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. 1986 இல் அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட குறைகடத்தி உடன்படிக்கையும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மக்கள் டொஸ்ஸோடேயே தங்கினர்.

பின்னர் நடந்தவை பெரும்பாலும் சந்துபொந்துகளில் இடம் தேடிய கதைகள். அவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது இது. 8088 முகவரியைக் கணக்கிடும் முறையில் ஒரு மெகாபைட்டுக்கும் அப்பால் 65,520 பைட்டுகள் வரை எண்ண முடியும். ஆனால் இருபத்தோராவது கம்பி இல்லாமையால் அவ்வெண்கள் சுற்றிவந்து நினைவகத்தின் தொடக்கத்தையே குறித்தன. சில பழைய நிரல்கள் இந்தச் சுற்றலை நம்பியிருந்தன. 80286 இல் அக்கம்பி இருந்ததால் சுற்றல் நின்றது. அந்நிரல்களைக் காப்பதற்காக ஐ.பி.எம். ஏ-20 என்ற அக்கம்பிக்கு ஒரு கதவு போட்டது. சாவி மீண்டும் விசைப்பலகைச் சிப்பிடமே! கதவைத் திறந்துவிட்டால் பழைய நிலையிலிருந்தபடியே ஏறத்தாழ 64 கிலோபைட் கூடுதலாகக் கிடைக்கும் என்பதைப் பின்னர் பயன்படுத்திக்கொண்டனர். 1991 ஜூனில் வெளியான எம்.எஸ்.-டொஸ் 5.0 தன் உடலின் பெரும்பகுதியை அங்கே குடியேற்றிற்று. டிஜிட்டல் ரிசேர்ச் நிறுவனத்தின் டி.ஆர்.-டொஸ் அதற்கு முந்திய ஆண்டிலேயே இதனைச் செய்துவிட்டிருந்தது.

80386 செயலி, பழைய 8086 கணினியைப் போலப் பாவனை செய்யும் ஒரு நிலையைத் தன்னுள் கொண்டிருந்தது. அதைக்கொண்டு குவாட்டர்டெக் நிறுவனத்தின் கியூஎம் போன்ற மென்பொருள்கள் அட்டை இல்லாமலே லிம் நினைவகத்தைப் போலியாக உண்டாக்கின. ஆயினும் எலிச் சாதனத்துக்கும் குறுவட்டுக்கும் ஒலி அட்டைக்கும் உரிய இயக்கிகளை எந்த ஒழுங்கில் ஏற்றினால் சில கிலோபைட்டுகள் மிஞ்சும் என்று கணக்கிடும் பொறுப்பு பாவனையாளர் தலையிலேயே விழுந்தது. 1992 இல் வந்த அல்டிமா 7 விளையாட்டு தனக்கென ஒரு நினைவக முறையை வைத்திருந்தமையால், அதற்கென்று தனியான தொடக்க வட்டு தயாரிக்கவேண்டி வந்தது.

1990 இல் வந்த விண்டோஸ் 3.0 பாதுகாப்பு நிலையைப் பலருக்கும் எட்டச்செய்தது. 1993 இல் வெளியான டூம் விளையாட்டு, டொஸ்ஸிலிருந்து தொடங்கி அந்நிலைக்குத் தாவிச்செல்லும் நீட்டிப்பு நிரலோடு வந்தது. 1995 இல் விண்டோஸ் 95 வந்தபின் சாதாரணப் பாவனையாளர் 640 என்ற எண்ணை மறக்கத் தொடங்கினர்.

செயலிகள் மறக்கவில்லை. ஏ-20 கதவை இன்டெல் கைவிட்டது 2013 இல் வந்த ஹஸ்வெல் வரிசையோடுதான். பல கிகாபைட் நினைவகம் கொண்ட இன்றைய இன்டெல் கணினியிலும், மின்சாரம் பாய்ந்ததும் செயலி முதலில் விழித்தெழுவது 8086 காலத்துப் பழைய நிலையிலேயே.